ஆயரின் கேடயத்தில் தங்கம் ஏன் புள்ளி புள்ளியாக இருக்கிறது, தெரியுமா?

மாதா கோயில் திருவிழாவுக்கு அடிக்கிற நோட்டீஸ் ஒன்றைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். மேலே மாதா படம். அதற்குக் கீழே கொடியேற்றம், நவநாள், தேர்பவனி, நன்கொடையாளர் பெயர்கள். ஒரு மூலையில், சிறப்புத் திருப்பலிக்கு வருகிற ஆயரின் பெயருக்குப் பக்கத்தில், தபால்தலை அளவில் ஒரு கேடயம் இருக்கும். கேடயத்தின் மேல் அகலமான தொப்பி. தொப்பியின் இரண்டு பக்கமும் சரம் சரமாய்க் குஞ்சங்கள். அடியில் ரிப்பன்போல ஒரு நாடா, அதில் நாலு வார்த்தை. அச்சகத்துக்காரர் அழகுக்குப் போட்ட டிசைன் என்று நினைத்து எத்தனை வருஷமாகத் தாண்டிப் போயிருக்கிறோம்!

டிசைன் இல்லை அது, எழுத்து. படிக்கத் தெரிந்தவருக்கு அந்தத் தபால்தலைக்குள் ஒரு மனிதரின் பதவி, ஊர், பக்தி, சில நேரம் அவருடைய கிண்டல்கூடத் தெரியும். உலகத்துக்கு சுமார் 800 டன் தங்கத்தைத் தோண்டிக் கொடுத்துவிட்டு 2001-ல் மூடப்பட்ட கோலார் தங்கவயலில் உட்கார்ந்து அதைப் படித்தால் சுவாரசியம் இரட்டிப்பு. இந்தச் சின்னங்களின் இலக்கணம் முழுக்க ஓர் உலோகத்தைச் சுற்றித்தான் ஓடுகிறது. எந்த உலோகம் என்று உங்களுக்கே தெரியும்.

முதலில் குஞ்சங்களை எண்ணுங்கள். ஒரு பக்கம் ஆறு இருந்தால் ஆயர். பத்து இருந்தால் பேராயர். பதினைந்து இருந்து, தொப்பியும் சிவப்பாக இருந்தால் கர்தினால். அது ஏன் ஆறு, பத்து, பதினைந்து? வீட்டு வாசலில் புள்ளி வைக்கிறவர்களுக்கு உடனே பிடிபட்டுவிடும். மேலே ஒன்று, அடுத்து இரண்டு, அடுத்து மூன்று: கூட்டினால் ஆறு. நாலாவது வரிசை சேர்த்தால் பத்து. ஐந்தாவதும் சேர்த்தால் பதினைந்து. முக்கோணப் புள்ளிக்கோலம்! ரோமாபுரியின் பதவி ஏணியை மார்கழி மாதத்து வாசலில் வரைந்துவிடலாம். சாதாரணக் குருவானவருக்கும் இதில் இடம் உண்டு. கறுப்புத் தொப்பி, பக்கத்துக்கு ஒரே ஒரு குஞ்சம்.

ஒரே மனிதரின் தலைக்கு மேல் இந்தக் கோலம் வளர்ந்துகொண்டே போன கதை நம் பக்கத்திலேயே இருக்கிறது. கோலார் தங்கவயல் பெங்களூர் உயர்மறைமாவட்டத்தைச் சேர்ந்தது. தமிழ்நாட்டின் கல்லேரியில் 1924-ல் பிறந்த து. சைமன் லூர்துசாமி 1962-ல் அந்தப் பெங்களூருக்குத் துணை ஆயரானார். அப்போது பக்கத்துக்கு ஆறு குஞ்சம். 1964-ல் பேராயர் நிலைக்கு உயர்ந்தார், ஆறு பத்தாகிவிட்டது. 1968 முதல் 1971 வரை பெங்களூர் பேராயராக இருந்தார். அந்த மூன்று வருஷமும் சாம்பியன் ரீஃப் சுரங்கத் தொழிலாளிக்கும் ராபர்ட்சன்பேட்டைக் கடைக்காரருக்கும் அவர்தான் மேய்ப்பர். பிறகு ரோமுக்குப் போனார். 1985-ல் தமிழர்களில் முதல் கர்தினாலானபோது தொப்பியின் பச்சை போய்ச் சிவப்பு வந்தது, பத்து போய்ப் பதினைந்து வந்தது. இரண்டு பக்கமும் சேர்த்துப் பார்த்தால் பன்னிரண்டில் ஆரம்பித்து இருபதாகி முப்பதில் முடிந்த கணக்கு!

குஞ்சம் எண்ணக் கண்ணாடி தேடுகிறவர்களுக்குக் குறுக்குவழியும் உண்டு. கேடயத்துக்குப் பின்னால் நிற்கும் சிலுவையைப் பாருங்கள். குறுக்குச் சட்டம் ஒன்று என்றால் ஆயர், இரண்டு என்றால் பேராயர்.

ஆயர்கள் உடுத்துவது ஊதா. படத்தில் தொப்பி மட்டும் பச்சை! இந்தத் தொப்பிக்குக் 'கலேரோ' என்று பெயர். யாத்திரிகர்கள் வெயிலுக்கும் மழைக்கும் போட்டுக்கொண்ட அகலத் தொப்பிதான் மூலம். கழுத்துக்குக் கீழே முடிச்சுப் போட்ட கயிறுதான் நாளாக நாளாகக் குஞ்சமாய்க் காய்த்துத் தொங்கிவிட்டது. நான்காம் இன்னொசென்ட் திருத்தந்தை 13-ஆம் நூற்றாண்டில் கர்தினால்களுக்குச் சிவப்புத் தொப்பி கொடுத்தார். கர்தினால் இறந்தால் அந்தத் தொப்பியை அவருடைய பேராலயத்தின் உட்கூரையிலிருந்து கட்டித் தொங்கவிடுவார்கள். தானாகக் கிழிந்து, தூசியாகி விழும்வரை அது அங்கேயே தொங்கும்! 1969-ல் தொப்பி கொடுக்கும் வழக்கத்தையே ரோம் நிறுத்திவிட்டது. இன்று யார் தலையிலும் கலேரோ கிடையாது. படத்தில் மட்டும் இன்னும் யாத்திரை போய்க்கொண்டிருக்கிறது.

இப்போது தலைப்புக்கு வருவோம்.

நோட்டீஸ் கறுப்பு வெள்ளையில் அடித்தது என்று வையுங்கள். கேடயத்தில் எது சிவப்பு, எது நீலம், எது தங்கம் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? வண்ண அச்சு இல்லாத காலத்தில் ஐரோப்பாவையே படுத்திய கேள்வி இது. 1638-ல் வெளிவந்த ஒரு நூலில் சில்வெஸ்டர் பெட்ரா சாங்டா என்ற இயேசு சபைக் குரு பயன்படுத்திய கோட்டுமுறை உலகம் முழுக்கப் பரவியது. படுக்கைக் கோடு போட்டிருந்தால் நீலம். செங்குத்துக் கோடு சிவப்பு. சாய்கோடு பச்சை. படுக்கைக் கோடும் செங்குத்துக் கோடும் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னியிருந்தால் கறுப்பு. எதுவுமே போடாமல் வெறுமையாக விட்டால் வெள்ளி. தங்கத்துக்கு? புள்ளி! கேடயம் முழுக்கப் பொடிப்பொடியாய்ப் புள்ளிகள் தூவியிருந்தால் அங்கே தங்கம் இருப்பதாக அர்த்தம்.

சுரங்கத்துக்குள் குவார்ட்ஸ் பாறையில் தங்கம் எப்படி ஒளிந்திருந்தது என்று தங்கவயல் பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள். கட்டி கட்டியாக இல்லை. கண்ணுக்கே தெரியாத துகளாக. ஒரு டன் பாறையை உடைத்து அரைத்தால் சில கிராம். பெட்ரா சாங்டாவுக்கு நம் கோலார் எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூடத் தெரிந்திருக்காது. ஆனால் தங்கத்துக்கு அவர் வைத்த அடையாளம் நம்மூர்ப் பாறைக்கு அளவெடுத்துத் தைத்த சட்டைபோல இருக்கிறதே!

அடுத்த வியப்பு இன்னும் பெரியது. இந்தக் கலையில் நிறங்கள் இரண்டு ஜாதி. தங்கமும் வெள்ளியும் 'உலோகங்கள்'. சிவப்பு, நீலம், கறுப்பு, பச்சை, ஊதா 'வண்ணங்கள்'. உலோகத்தின்மேல் உலோகம் வைக்கக் கூடாது, வண்ணத்தின்மேல் வண்ணம் வைக்கக் கூடாது. நீலத்தில் பொன் விண்மீன் வைக்கலாம். வெள்ளியில் கறுப்புக் கழுகு வைக்கலாம். வெள்ளியில் பொன் வைத்தால் தப்பு! காரணம் பக்தி இல்லை, போர்க்களம். 12-ஆம் நூற்றாண்டில் தலைமுதல் கால்வரை இரும்புக் கவசம் பூட்டிக்கொண்ட வீரனை அவன் அம்மாவே வந்தாலும் அடையாளம் காண முடியாது. கேடயத்துப் படத்தை வைத்துத்தான் நம்மாளா, எதிராளியா என்று முடிவு செய்தார்கள். தூரத்திலிருந்து பளிச்சென்று தெரிய வேண்டும், அவ்வளவுதான். சாலையோர மஞ்சள் பலகையில் கறுப்பு எழுத்து வைக்கிறோமே, அதே கணக்கு.

இந்த விதியை மீறிய பிரபலங்கள் யார் தெரியுமா? சிலுவைப் போர்க்காலத்து எருசலேம் அரசு வெள்ளிக் களத்தில் பொன் சிலுவைகளை வைத்துக்கொண்டது. புனித நகரத்துக்கு விதிவிலக்கு என்று சமாதானம் சொன்னார்கள். வத்திக்கான் கொடியைப் பாருங்கள்: பாதி மஞ்சள், பாதி வெள்ளை. தங்கமும் வெள்ளியும் ஒட்டிக்கொண்டு நிற்கின்றன. இப்படிப்பட்ட மீறல்களை மட்டுமே திரட்டி ஒருவர் தனிப் புத்தகமே போட்டிருக்கிறார் என்றால் நம்புவீர்களா? அவர் பேராயர் புரூனோ ஹைம். சுவிட்சர்லாந்துக்காரர், வத்திக்கான் தூதர். 23-ஆம் யோவான் தொடங்கி இரண்டாம் யோவான் பவுல் வரை அடுத்தடுத்து வந்த நான்கு திருத்தந்தையருக்கு இலச்சினை வரைந்து கொடுத்தவரும் அவரே.

இடம் வலம் விஷயத்தில் எல்லோரும் ஏமாறுவோம். கேடயத்தில் 'வலம்' என்பது பார்க்கிற நமக்கு இடப்பக்கம். கேடயத்தைப் பிடித்துக்கொண்டு பின்னால் நிற்கிறவரின் வலக்கைதான் கணக்கு. மதிப்பான பக்கம் அதுதான். அதனால்தான் பல ஆயர்கள் கேடயத்தை நெடுக இரண்டாகப் பிரித்து, அந்த வலப் பாதியை மறைமாவட்டத்தின் சின்னத்துக்குக் கொடுத்துவிட்டு மறுபாதியில் தங்கள் சின்னத்தை வைத்துக்கொள்கிறார்கள். கணவன் மனைவி குடும்பச் சின்னங்களைச் சேர்த்து வரையும் பழைய முறையும் இதேதான். மறைமாவட்டத்தைத் திருமணம் செய்துகொண்டவர் ஆயர் என்று மேடையில் பேச வேண்டியதில்லை, படம் பேசிவிடுகிறது. குடும்பச் சின்னம் பிள்ளைக்குப் போகும், பேரனுக்குப் போகும். ஆயரின் பாதி மட்டும் அவரோடு முடிந்துவிடும்.

இது வெள்ளைக்காரன் சமாச்சாரம் என்று யாராவது சொன்னால், கோலார் டவுனுக்கு ஒரு நடை கூட்டிப்போங்கள். கோலாரம்மா கோயிலில் ராஜேந்திர சோழன் காலத்துத் தமிழ்க் கல்வெட்டுகள் இருக்கின்றன. இந்தப் பகுதியை நிகரிலிச்சோழ மண்டலம் என்று சோழர்கள் ஆண்டார்கள். அவர்கள் செப்பேடுகளைக் கோத்த வளையத்தின் முத்திரையில் என்ன இருக்கும்? நடுவே உட்கார்ந்த புலி, பக்கத்தில் பாண்டியரின் இரண்டு மீன், கூடவே சேரரின் வில், மேலே குடை, இரு பக்கமும் கவரி. வென்ற அரசுகளின் சின்னங்களை ஒரே வட்டத்துக்குள் அடுக்கிக் காட்டும் வித்தையை ஐரோப்பியர் கேடயத்தில் எழுதத் தொடங்குவதற்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்பே நம்மவர்கள் செம்பில் வார்த்துவிட்டார்கள். சுரங்கம் தொடங்கிய காலத்தில் இந்த மண் மைசூர் சமஸ்தானத்தில் இருந்தது. அதன் சின்னம் இரண்டு தலைப் பறவையான கண்டபேருண்டம். அது இன்றைக்கும் கர்நாடக அரசு முத்திரையில் சிறகு விரித்து நிற்கிறது.

ஆயருக்கு இப்படி ஒரு சின்னம் யார் கொடுக்கிறார்கள்? யாரும் இல்லை! பரிசீலித்து முத்திரை குத்தி அனுப்ப ரோமில் ஓர் ஆபீஸ் உட்கார்ந்திருக்கவில்லை. ஆயராக நியமனம் வந்ததும் அவரே யோசித்து, தெரிந்த ஓவியரிடம் சொல்லி வரைந்துகொள்கிறார். அதனால்தான் அற்புதமானவையும் உண்டு, கல்யாணப் பத்திரிகைபோல எல்லாவற்றையும் திணித்தவையும் உண்டு. புறா, பைபிள், விளக்கு, தாமரை, இந்திய வரைபடம், உதயசூரியன் எல்லாம் ஒரே கேடயத்தில் நெருக்கியடித்தால் தபால்தலை அளவில் என்ன தெரியும்? என் கட்சி, மூன்று பொருளுக்கு மேல் வைக்கக் கூடாது என்பதுதான்.

குறைவாக வைத்து ஜெயித்தவர் இரண்டாம் யோவான் பவுல். ஒரு சிலுவை, அதன் கீழே 'எம்' என்று ஓர் எழுத்து. மரியாவின் முதல் எழுத்து, சிலுவையடியில் நின்ற தாய். கேடயத்தில் எழுத்து வைப்பதா என்று இந்தக் கலையின் பண்டிதர்கள் முகம் சுளித்தார்கள். அவர் மாற்றவில்லை. 16-ஆம் பெனடிக்ட் 2005-ல் இன்னொரு குண்டு போட்டார். நூற்றாண்டுகளாகத் திருத்தந்தையர் சின்னத்தில் இருந்த மூவடுக்கு மணிமுடியை எடுத்துவிட்டு, ஆயர் அணியும் கூர்முனைத் தொப்பியை வைத்துவிட்டார். அவருடைய கேடயத்தில் முதுகில் மூட்டை கட்டிய ஒரு கரடியும் உண்டு! புனித கோர்பினியன் ரோமுக்குப் போகும் வழியில் அவருடைய சுமை மிருகத்தைக் கரடி அடித்துத் தின்றுவிட்டதாம். புனிதர், "அப்படியானால் நீயே தூக்கு" என்று கரடி முதுகில் மூட்டையை ஏற்றிவிட்டாராம். பவேரியாவில் பேராயராக இருந்தவர், ரோமின் சுமையைத் தூக்க வந்த கரடியாகத் தன்னையே பார்த்துக்கொண்டார். திருத்தந்தை பிரான்சிஸ் சின்னத்தில் திராட்சைக்குலை ஏன் என்று உலகமே கேட்டது. அது திராட்சை இல்லை, புனித யோசேப்பைக் குறிக்கும் நார்துச் செடியின் பூங்கொத்து! பக்கத்தில் இருக்கும் விண்மீன் மரியாவைக் குறிக்கிறது.

சுரங்க ஊர்க்காரர்களுக்கு என்றே ஒரு செய்தி. ஜெர்மனியின் நிலக்கரிச் சுரங்கப் பகுதியான ரூரில் 1958-ல் எஸ்ஸன் மறைமாவட்டம் உருவானது. முதல் ஆயர் ஃபிரான்ஸ் ஹெங்ஸ்பாக் விரலில் போட்ட மோதிரத்தில் ரத்தினம் கிடையாது, ஒரு துண்டு நிலக்கரி பதித்திருந்தது! தொழிலாளர்களின் ஆயர் என்று அந்தக் கறுப்புக் கல் அவருக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது. கதை அங்கேயே நின்றிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர்மீது பாலியல் அத்துமீறல் குற்றச்சாட்டுகள் வெளிவந்து, பேராலயத்துக்குப் பக்கத்தில் நின்ற அவருடைய சிலையை 2023-ல் அகற்றிவிட்டார்கள். சின்னம் என்ன சொல்கிறது என்று படிக்கலாம். சின்னத்தை அணிந்தவர் எப்படி என்பதற்கு அது ஜாமீன் நிற்காது.

சரி, விளையாட்டாக ஒரு வேலை செய்வோமா? சாம்பியன் ரீஃபில் லைன் வீட்டில் பிறந்து, வெற்றி மாதா கோயிலில் பீடச் சிறுவனாக நின்ற ஒரு பையன் நாளைக்கு ஆயராகிறான் என்று வைத்துக்கொள்வோம். முழுக்கக் கற்பனைதான். ஆனால் விதிகள் நிஜம். கேடயத்தில் என்ன வைப்பான்?

கோயில் பெயரிலிருந்து ஆரம்பிக்கலாமா? வெற்றி மாதா என்ற பட்டத்துக்குப் பின்னால் 1571 அக்டோபர் 7-ல் லெப்பாந்தோவில் நடந்த கடற்போர் இருக்கிறது. அப்படியானால் கப்பல். ஆனால் சுரங்கப் பையனுக்குக் கப்பலோடு என்ன உறவு? வேண்டாம். சுத்தியலும் குந்தாலியும் குறுக்கே வைக்கலாமா? உலகத்தில் சுரங்கம் இருக்கிற ஊருக்கெல்லாம் அதே சின்னம்தான், வரைபடத்தில்கூட அதுதான் குறி. அதுவும் வேண்டாம்.

களம் கறுப்பு. இதில் மறுபேச்சே இல்லை. சாம்பியன் ரீஃப் 3 கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழம். சுரங்கம் ஓடிய நாளில் கேஜில் ஏறி இறங்கினால் அடியில் பாறையே கொதிக்கும். சில நேரம் அழுத்தம் தாங்காமல் பாறை வெடிக்கும், ஊரார் அதை ஏர்பிளாஸ்ட் என்பார்கள், மேலே வீட்டுப் பாத்திரமெல்லாம் அதிரும். கறுப்பின் நடுவே ஒரு சக்கரம் வைக்கலாம். சாஃப்ட் கோபுரத்தின் உச்சியில் கயிற்றைத் தாங்கிச் சுழன்ற அதே சக்கரம். அதைப் பொன்னில் வரையலாம். கறுப்பு வண்ணம், பொன் உலோகம், விதி இடம் கொடுக்கிறது.

அடியில் மூன்று மேடு. ரோமாபுரிச் சின்னங்களில் மலையை வரைவதே இப்படி மொட்டு மொட்டாக அடுக்கித்தான். நமக்கு மலை என்றால் வேறென்ன, சயனைடு மலைதான்! தங்கத்தைக் கரைத்து எடுத்தபின் கொட்டிய கழிவு, ஊரைச் சுற்றிக் குன்று குன்றாக நிற்கிறது, காற்றடித்தால் வீட்டுக்குள் வருகிறது. அதன் வெளிறிய நிறத்துக்கு வெள்ளிதான் பொருத்தம்.

மேட்டின்மேல் கொஞ்சம் தங்கம் தூவலாமே என்று கை பரபரக்கும். முடியாது! மேடு வெள்ளி. வெள்ளியின்மேல் பொன், உலோகத்தின்மேல் உலோகம். சயனைடு மேட்டில் தங்கம் இருக்கக் கூடாது என்று 12-ஆம் நூற்றாண்டு விதி நம்மூருக்குச் சொல்கிறது. மேட்டில் இன்னும் மிச்சம் இருக்கிறது, திரும்ப எடுக்கலாம் என்று அவ்வப்போது எழும் பேச்சைக் கேட்டே வயதானவர்கள் இதைப் படித்தால் சிரிப்பார்கள்.

ஆனால் கறுப்பு வைக்கலாம். மேட்டுக்குள்ளே ஒரு கறுப்பு விண்மீன். மண்ணுக்கு அடியில் விண்மீனா? ஆமாம்! 1965-ல் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் 2 கிலோமீட்டருக்கும் கீழே கருவிகளை வைத்து, டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தாரும் ஜப்பானின் ஒசாகா நகரப் பல்கலைக்கழகத்தாரும் இங்கிலாந்தின் டர்ஹம் பல்கலைக்கழகத்தாரும் காற்றுமண்டலத்தில் பிறக்கும் நியூட்ரினோவின் தடயத்தைப் பிடித்தார்கள். விண்வெளியிலிருந்து வரும் கதிர்கள் காற்றில் மோதும்போது உண்டாகும் துகள் அது. பூமியையே துளைத்துப் போகக் கூடியது. மற்ற கதிர்களை வடிகட்ட இவ்வளவு பாறை தலைக்குமேல் வேண்டியிருந்தது. வானத்தைப் பார்க்கத் தங்கவயலின் அடிவயிற்றுக்குள் இறங்கினார்கள்! விண்மீன் மாதாவுக்கும் சின்னம் என்பதால் ஒரே கல்லில் இரண்டு மாங்காய்.

சக்கரம், மேடு, விண்மீன். மூன்று பொருள், போதும். மேலே பச்சைத் தொப்பி, பக்கத்துக்கு ஆறு குஞ்சம், பின்னால் ஒற்றைச் சட்டச் சிலுவை. செங்கோலும் கூர்முனைத் தொப்பியும் கேடயத்துக்குமேல் வேண்டாம் என்று 1969-ல் ரோமே சொல்லிவிட்டது, அந்தச் செலவு மிச்சம்.

நாடாவில் எழுத விருதுவாக்கு? 130-ஆம் திருப்பாடலிலிருந்து எடுக்கலாம். ஆழத்தில் கிடக்கிறவன் மேலே பார்த்துக் கூப்பிடுகிற பாட்டு அது. இறந்தவர்களுக்காக ஜெபிக்கும்போது சொல்வது. இந்த ஊரில் கீழே இறங்கி மேலே வராதவர்கள் எத்தனையோ பேர். லத்தீனில் எழுதுவதா, தமிழிலா? தமிழில்தான். ஏர்பிளாஸ்டில் சிக்கியவர்கள் லத்தீனில் கூப்பிடவில்லை.

இனி இதைத் திருவிழா நோட்டீஸில் கறுப்பு வெள்ளையில் அடித்துப் பாருங்கள். களம் முழுக்கப் பின்னல் கோடு. அடியில் வெறுமையாக மூன்று மேடு, உள்ளே ஒரு விண்மீன். நடுவில் சக்கரம் மட்டும் பொடிப்பொடியாய்ப் புள்ளி.